4 ஏக்கரில் மீன் பண்ணை: ஏரியும் கிணறும் கெடாமல் செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: "காடையாம்பட்டிப் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு 4 ஏக்கர் இருக்கிறது. 3 ஏக்கரில் குளம் வெட்டி, தொழில்முறையில் கிஃப்ட் திலேப்பியா (வேகமாக வளரும்படி மேம்படுத்திய திலேப்பியா மீன்) வளர்க்கலாம் என்று இருக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள், மீன் கழிவுத் தண்ணீர் ஓடையில் இறங்கினால் ஏரியும் கிணறும் போச்சு என்று எதிர்க்கிறார்கள். தொட்டி விற்கிறவரோ, பயோஃபிளாக் (நுண்ணுயிர்களை வைத்துத் தொட்டியிலேயே கழிவைத் தீவனமாக்கும் முறை) போட்டால் கழிவே வராது என்கிறார். யார் சொல்வது சரி?"

தம்பி, பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தொட்டி விற்கிறவர் சொல்வதில் பாதிதான் உண்மை. நான் இருபது வருடத்துக்கு மேலாக ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் பண்ணைக்காரர்களோடு குளக்கரையில் நின்றவன். என் அனுபவத்தில் ஒரு மீன் பண்ணையின் கேடு தீவன மூட்டையில் ஆரம்பிக்கிறது, மடை திறக்கிற இடத்தில் வெளியே தெரிகிறது. இந்த இரண்டு இடத்தையும் கட்டுக்குள் வைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம், பொறுமையாகப் படியுங்கள். 1 ஏக்கர் குளத்தில் வருடத்துக்கு 5 டன் திலேப்பியா எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 1 கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் என்றால், ஏழரை டன் தீவனம் போகும். 28 சதவீதம் புரதம் உள்ள தீவனம் என்றால் அதில் 2,100 கிலோ புரதம். புரதத்தில் 16 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஆக, வருடத்துக்கு 336 கிலோ தழைச்சத்தை நீங்கள் கையால் அள்ளித் தண்ணீரில் போடுகிறீர்கள். பிடித்து விற்கிற 5 டன் மீனின் உடம்போடு வெளியே போவது சுமார் 125 கிலோ. மீதி 210 கிலோவுக்கு மேல் மீனின் செவுள் வழியாக அம்மோனியாவாகவும், எச்சமாகவும், தின்னாமல் விட்ட தீவனமாகவும் அங்கேயே இருக்கிறது.

210 கிலோ தழைச்சத்து என்றால் எவ்வளவு? 45 கிலோ யூரியா மூட்டையில் பத்து மூட்டை. 1 ஏக்கர் குளத்துக்கு மட்டும். பத்து மூட்டை யூரியாவை ஒருவர் ஊர் ஏரியில் கொட்டினால் ஊர் சும்மா இருக்குமா? பெரியவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவர்கள் சொல்வது இதைத்தான்.

இந்தத் தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றில் போய்விடும், ஒரு பங்கு சேற்றில் தங்கும். மிச்சம் பாசியாகிறது. குளம் பச்சைப் பசேல் என்று ஆனதும் சிலர் சந்தோஷப்படுவார்கள். பகலில் பாசி ஆக்சிஜன் தரும், உண்மைதான். ராத்திரியில் அதே பாசி மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை இழுக்கும். விடிகாலை நாலரை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு.  பாசி மிகுந்த குளத்தில் மதியம் 3 மணிக்கு பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 9 வரை ஏறிவிடும். 28 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஹெச் 8 ஆனால் 6, 7 சதவீதம். 9 ஆனால் 40 சதவீதம். காலையில் சோதித்து "சரியாத்தான் இருக்கு" என்று விட்ட அதே தண்ணீர் சாயங்காலத்துக்குள் மீனைக் கொல்லும். அது வெளியே போய்ச் சேருகிற ஓடையிலும் இதே கதைதான்.

இப்போது தீவனத்துக்கு வருகிறேன். ஒன்றரைக் கிலோவுக்குப் பதிலாக 1.8 கிலோ செலவானால் பத்து மூட்டை யூரியா பதின்மூன்றைத் தாண்டும். 1.3 கிலோவுக்கு இறக்கினால் எட்டு மூட்டை. தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும், இந்த இரண்டுக்கும் நடுவே ஏக்கருக்கு 1 லட்சம் ரூபாய் வித்தியாசம். சுற்றுச்சூழலும் சட்டைப்பையும் ஒரே பக்கம் நிற்கிற அபூர்வமான இடம் இது. ஆனாலும் பெரும்பாலான பண்ணைகளில் தீவனம் போடுகிற ஆளிடம் "பத்து கிலோ போட்டுட்டு வா" என்று சொல்வதோடு விட்டுவிடுகிறார்கள்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது தீவனத் தட்டு. ஒரு சதுரக் கம்பிச் சட்டத்தில் கொசுவலை கட்டி, நாலு மூலையிலும் கயிறு போட்டு, ஒரு கைப்பிடித் தீவனத்தோடு குளத்தில் இறக்குங்கள். அரை மணி நேரம் கழித்து மெதுவாகத் தூக்குங்கள். தட்டு துடைத்த மாதிரி இருந்தால் நாளைக்குக் கொஞ்சம் கூட்டலாம். உருண்டைகள் ஊறிப்போய், விரலால் தொட்டால் மாவாகக் கரைந்தால் இன்று அதிகம் போட்டுவிட்டீர்கள், நாளைக்குக் கால் பங்கு குறையுங்கள். மேகமூட்டமாக இருக்கிற நாள், மழைக்கு அடுத்த நாள், மார்கழிக் குளிர், இந்த நாட்களில் மீன் பாதிதான் தின்னும். மூட்டைக்கு மேல் அட்டையில் அச்சடித்த அளவைப் பார்த்துப் போடாதீர்கள். மிதக்கிற தீவனமாக இருந்தால் மீன் தின்பது கண்ணுக்கே தெரியும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீச்சு வலை போட்டு இருபது முப்பது மீனை எடை போட்டு நோட்டில் எழுதினால், தீவனம் எங்கே போகிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

தீவனத்தை எவ்வளவு சிக்கனமாகப் போட்டாலும் கழிவு இல்லாமல் போகாது. அதற்கு ஓர் இடம் வேண்டும். இங்கேதான் உங்கள் 4 ஏக்கர் திட்டத்தை நான் மாற்றச் சொல்கிறேன். 3 ஏக்கர் குளம் வேண்டாம். 1 ஏக்கர் குளம், 3 ஏக்கர் பயிர்.

ஏன் என்றால், ஒரு காய்ப்புத் தென்னைக்கு வருடத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற அளவு 1.3 கிலோ யூரியா. பத்து மூட்டை யூரியா என்பது சுமார் 350 மரத்துக்கு ஆகும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 5 ஏக்கர் தோப்பு. காற்றில் போவதையும் சேற்றில் தங்குவதையும் கழித்துவிட்டால்கூட 1 ஏக்கர் குளத்துத் தண்ணீரை முழுசாக உறிஞ்ச இரண்டரை, 3 ஏக்கர் பயிர் வேண்டும். தென்னை, வாழை, பாக்கு எதுவும் சரி. கம்பு நேப்பியர் புல் போட்டால் இன்னும் வேகமாக இழுக்கும். அந்தப் புல்லை மாட்டுக்கும் போடலாம், புல்கெண்டை வளர்த்தால் குளத்துக்கும் அறுத்துப் போடலாம். பயிருக்குப் பாய்ச்ச போர் மோட்டாரைப் போடாமல் குளத்திலிருந்து பாய்ச்சுங்கள், குளத்தில் குறைவதை போர் தண்ணீரில் நிரப்புங்கள். ஒரே தண்ணீர் இரண்டு வேலை செய்யும். யூரியா செலவும் குறையும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பண்ணையில் கடைசிப் பிடிப்பு. வியாபாரி வண்டியோடு காத்திருந்தார். வலை இழுக்கச் சேறு தடுத்தது, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் பிடிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மடையைத் திறந்துவிட்டோம். முதலில் போனது பச்சைத் தண்ணீர். விடியப்போகிற நேரத்தில் கடைசி ஓர் அடி போனது, அது தண்ணீரே இல்லை, கறுப்புக் கூழ். அழுகின முட்டை நாற்றம். ஓடை வழியாக அது கீழே இருந்த சின்ன ஏரிக்குப் போனது. மூன்றாம் நாள் அந்த ஏரியில் கெண்டையும் விராலும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. துணி துவைக்க வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை, வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்தப் பண்ணையிலும் கடைசி ஓர் அடித் தண்ணீரை வெளியே விட நான் சம்மதிப்பதில்லை. குளத்தில் இருக்கிற மொத்தக் கழிவில் பெரும்பங்கு அந்தக் கடைசித் தண்ணீரில்தான் கிளம்பி வரும்.

ஆகவே குளம் வெட்டும்போதே அதற்குக் கீழே இன்னொரு சின்னக் குட்டை வெட்டுங்கள், குளத்தின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. பிடிப்பின்போது வருகிற தண்ணீர் அதில் இரண்டு மூன்று நாள் நிற்கட்டும். கசடு அடியில் படியும். ஓரத்தில் சம்பு, கல்வாழை வைத்தால் அவையும் கொஞ்சம் சத்தை எடுத்துக்கொள்ளும். தெளிந்த மேல் தண்ணீர் தோப்புக்கு. அடிச் சேற்றைக் காய வைத்து மரத்தடிக்கு. ஓடைப் பக்கம் மடையே வைக்காதீர்கள். மடை இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் அவசரத்தில் திறக்கத் தோன்றும்.

சரி, பயோஃபிளாக். அது நல்ல தொழில்நுட்பம், நான் மறுக்கவில்லை. வெல்லம், கழிவுப்பாகு, மரவள்ளி மாவு என்று கரிமச்சத்தைக் கலந்தால் நுண்ணுயிர்கள் அம்மோனியாவைப் பிடித்துத் தங்கள் உடம்பாக்கிக்கொள்ளும், அந்தத் திரளை மீன் தின்னும். தண்ணீரும் தீவனமும் மிச்சமாகும். ஆனால் தழைச்சத்து எங்கேயும் மறைந்துவிடாது. திரள் மிகுந்துபோனால் கசடாக எடுத்து வெளியே கொட்டியே ஆக வேண்டும். போதாததற்குப் பலர் தொட்டியில் கல்லுப்பு போடுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீரைக் காட்டில் விட்டால் மண் இறுகிப்போகும். பக்கத்துக் கிணற்றுக்கு அது இறங்கினால் எடுக்க வழியே இல்லை. நம்முடையது பாறைப் பூமி, வெடிப்பு வழியாகத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் மின்சாரம். தொட்டித் தண்ணீருக்கு ஆக்சிஜன் தருகிற காற்றூதி ஒரு நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். 1 குதிரைத்திறன் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 18 யூனிட். அந்த யூனிட்டில் ஒரு பங்கு மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து வருவது. தொட்டிக்குள் சுத்தம், புகைபோக்கியில் கரி என்றால் அதையும் கணக்கில் வைக்கத்தானே வேண்டும்? சூரியத் தகடு போடலாம், ஆனால் காற்றூதி உயிர்காப்பது ராத்திரியில். நிலமே இல்லாதவருக்கு, தண்ணீர் அறவே பற்றாதவருக்கு பயோஃபிளாக் பொருந்தும். 4 ஏக்கர் வைத்திருக்கிற உங்களுக்கு மண் குளம்தான் என் தேர்வு. ஏக்கருக்கு 5 டன்னுக்கு மேல் ஆசைப்படாமல் இருந்தால் காற்றூதியை விடிகாலையில் மட்டும் ஓட்டினாலே பல நாள் சமாளித்துவிடலாம்.

தண்ணீர் அளவையும் பாருங்கள். 1 ஏக்கர் குளத்தில் 5 அடி நிற்க 60 லட்சம் லிட்டர் வேண்டும். சேலம் வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 20,000 லிட்டர் போச்சு, இரண்டு டேங்கர் லாரி. சித்திரையில் அதற்கு மேலும் போகும். 3 ஏக்கர் குளத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள், ஆயிரம் அடி போர் போட்டாலும் பக்கத்துக் காட்டுக்காரர் கிணறு வற்றும். அவர் சண்டைக்கு வந்தால் தப்பில்லை. மழைத் தண்ணீர் இறங்குகிற மாதிரி குளத்தை அமையுங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையில் நிரப்பி, மாசி, பங்குனிக்குள் பெரும்பங்கு மீனைப் பிடித்துவிட்டு, கோடையில் தண்ணீரைத் தோப்புக்கு விட்டுக் குளத்தைக் காயப் போடுங்கள். காய்ந்த குளத்தில் நோயும் தங்காது.

எந்த மீன் என்பதில் சமரசமே கூடாத ஒன்று ஆப்பிரிக்கக் கெளுத்தி. மத்திய அரசு 2000ஆம் ஆண்டே தடை செய்தது. அப்படியிருந்தும் கோழிக் குடலைப் போட்டு மறைவாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதிரிக் குளத்தைத் தாண்டி வண்டியில் போனாலே மூக்கைப் பொத்த வேண்டும். இந்தக் கெளுத்தி நேரடியாகக் காற்றையே மூச்சாக எடுக்கும், எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும், மழை நாளில் சேற்றில் நகர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும், போன இடத்தில் அகப்பட்ட மீனையெல்லாம் தின்னும். "நல்ல லாபம்" என்று குஞ்சு கொண்டு வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

திலேப்பியாவிலும் கவனம் வேண்டும். 1952இல் இந்தியாவுக்கு வந்த பழைய திலேப்பியாதான் இன்று நம் எல்லா ஏரியிலும் இருக்கிற ஜிலேபி மீன். மூன்று மாதத்தில் முட்டை வைத்து, குளம் முழுக்கப் பொடி மீனாக நிரப்பிவிடும். கிஃப்ட் திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும், ஆண் குஞ்சாக மட்டுமே விட வேண்டும். குஞ்சை மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர் மையம் மாதிரி நம்பகமான இடத்தில் விசாரித்து வாங்குங்கள். நீர் வருகிற வழியிலும் போகிற வழியிலும் நெருக்கமான வலை, மேலே பறவைக்கு வலை. கொக்கு தூக்கிப் போகிற மீன் ஏரியில் விழுந்தால் அதுவும் தப்பித்த மீன்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், உங்கள் ஓடை சரபங்காவில் சேரும், சரபங்கா காவிரியில் சேரும். மேட்டூர் உபரி நீரைச் சரபங்கா வடிநிலத்தில் இருக்கிற 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய்த் திட்டமும் வந்துவிட்டது. ஏரிக்கு ஏரி தண்ணீர் போனால் மீனும் போகும், நோயும் போகும். காவிரியின் சேல் கெண்டையும் கருமுழிக் கெண்டையும் ஏற்கனவே குறைந்துபோய்விட்டன. திமில் முதுகு மஹசீர் என்கிற பெரிய கெண்டை அழிவின் விளிம்பில் நிற்கிறது.

திலேப்பியாவே வேண்டுமா என்று ஒரு தரம் யோசியுங்கள். கட்லா, ரோகு, மிருகால் கூட்டு வளர்ப்பில் ஏக்கருக்கு 2,000 குஞ்சு விட்டு, மேல்மட்டத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று குளத்தில் விளைவதையே அவை பங்கு போட்டுத் தின்ன விட்டால் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போதும். விளைச்சல் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழிவும் அதில் ஒரு துண்டுதான். கடலில் மத்தியையும் நெத்திலியையும் அள்ளி மாவாக்கித் தீவனம் செய்யும் கொடுமையிலும் நமக்குப் பங்கு இருக்காது. 

சிலர் மேட்டூர் அணையில் கூண்டு போட்டு வளர்ப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். அணை நிரம்பினால் 93 டிஎம்சிக்கு மேல், அப்போது சில கூண்டுகள் ஒன்றும் செய்யாது. தண்ணீர் இறங்குகிற கோடையில் அதே கூண்டுகளின் கழிவு சின்னக் குட்டையில் விழுந்த மாதிரி ஆகும். பண்ணவாடிப் பக்கம் பச்சைப் படலம் படிந்து நாற்றம் அடித்த வருடங்களை மறந்துவிடக் கூடாது. பரிசலில் வலை போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. குறைந்த நீர்மட்டத்தை வைத்துத்தான் கூண்டின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. நோய் வருமுன்பே ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம் போடாதீர்கள். நார்வேயில் 1987 வாக்கில் சால்மன் பண்ணைகள் வருடத்துக்கு 50 டன் அளவுக்கு ஆன்டிபயாட்டிக் செலவழித்தன. தடுப்பூசி வந்த பிறகு, உற்பத்தி பல மடங்கு ஏறியும், அது ஒரு டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. நமக்குத் தடுப்பூசி கைக்கு எட்டாவிட்டாலும் நெருக்கத்தைக் குறைப்பது எட்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. நாகை கடற்கரையில் இறால் பண்ணைகளால் நிலமும் கிணறும் உப்பானபோது காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, பின்னால் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அது கடலோரத்துக்கு. காடையாம்பட்டியில் உங்கள் மடையை வந்து பார்க்க அந்த ஆணையம் வராது. அந்த ஊர்களில் கிணறு கெட்ட பிறகுதான் வழக்கே தொடங்கியது.

அதனால் பொக்லைன் வருவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குக் கீழே இருக்கிற இரண்டு கிணறு, ஓடை, ஏரி, இந்த நாலு இடத்திலும் சுத்தமான பாட்டிலில் தண்ணீர் எடுங்கள். எடுக்கும்போது எதிர்ப்புச் சொல்கிற பெரியவர் ஒருவரைக் கூடவே கூட்டிப் போங்கள். உப்பின் அளவு, நைட்ரேட், அம்மோனியா, பிஹெச் இந்த நான்கையும் சோதனைக் கூடத்தில் பார்த்து, முடிவில் ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பிடிப்புக்கும் அப்புறம் அதே நாலு இடம், அதே பெரியவர்.